பங்கும் பணியும்
திருக்கோயிற் பணியாளர்க்குச் சோழர் வகுத்த ஊதிய நெறி

திருவீழிமிழலையில் வற்கடம் வந்துற்ற காலத்து, அடியார்க்கு அமுதூட்டும் பொருட்டு, ஆளுடைய பிள்ளையாருக்கும் ஆளுடைய அரசுக்கும் இறைவன் நாடோறும் ஒவ்வொரு பொற்காசு பலிபீடத்தில் வைத்தருளினான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அரசர் பெற்ற காசு கடைத்தெருவில் வட்டமின்றிச் செலாவணியாயிற்று. அவர் திருமடத்து அடியார்கள் பொழுதோடு அமுது செய்தனர். பிள்ளையார் பெற்ற காசுக்கு வணிகர் வாசி கேட்டமையால் அவர் மடத்தில் அமுது காலந்தாழ்ந்தது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் சேக்கிழார் பெருமானாலேயே காட்டப்பெற்றுள்ளது. அரசர் உழவாரங் கொண்டு கைத்தொண்டு புரிந்தவர். உடல் வருந்திய பணிக்குரிய காசு ஆதலின் அதன்கண் வாசி இருத்தல் கூடாது என்பதாம். பின்னர்ப் பிள்ளையாரும் விண்ணப்பஞ் செய்து வாசி தீரப் பெற்றனர்.

பாடுபட்டான் கையிற் சேரும் காசு குறைவற்ற காசாக இருத்தல் வேண்டும் என்னும் அறம் இவ்வரலாற்றில் அடங்கிக் கிடத்தலை அன்பர்கள் ஓர்ந்துணர்க. இத்திருக்குட நன்னீராட்டு விழா மலரில் யாம் ஆராயப் புகுந்ததும் அவ்வறமே. பணி கொள்வோன் ஊதியத்தை எவ்வாறு வகுத்தால் பணி செய்வோன் ஊக்கங்குன்றாது உழைப்பான் என்னும் வினாவை இக்காலப் பொருளியலார் விரிவாக ஆராய்கின்றனர். அவ்வினாவுக்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே நம் திருக்கோயிற் சுவர்களில் விடை வெட்டப்பட்டுள்ளது.

இராசராசேச்சரத்துப் பங்கு

தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராச சோழன் (985 - 1014), தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அஃதாவது கி.பி. 1010இல், ஸ்ரீவிமானத்துத் தூபியில் வைக்கச் செப்புக்குடம் அளித்தான். அதன் நிறை 3,083 பலம். அதன்மேற் போர்த்த பொன் 2,926½ கழஞ்சு. குடமுழுக்கு என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றும் காட்சி இதுவேயாம். ஆயின் அம்மன்னன் குடத்தோடு நின்றானல்லன். குடம் ஏறிய கோயிலில் விளக்கேற்றுவார், பாடுவார், ஆடுவார், கணக்கெழுதுவார், காப்பார் அனைவரும் தலைமுறை தலைமுறையாக எவ்வாறு உண்பர் என்பதையும் எண்ணினான். அவ்வெண்ணத்தின் விளைவாகிய கல்வெட்டுக்கள் குடத்தின் பொன்னினும் விலைமிக்கன என்பது எம் கருத்து.

அவற்றுள் தலையாயது, அவன் 29ஆம் ஆட்சியாண்டுக்குரிய நீண்ட சாசனம். சோழ மண்டலத்துப் பல தளிகளினின்றும் கொண்டுவரப்பெற்ற 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், அவர் முன்னர்ப் பணி செய்த கோயிலும், தஞ்சையில் அவர்க்கு அளிக்கப்பட்ட மனையும், மனை அமைந்த சிறகும் ஒவ்வொன்றாக அதன்கண் பொறிக்கப்பட்டுள்ளன. அவரைத் தொடர்ந்து இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆடவர் வருகின்றனர். நட்டுவர், பாடுவார், உவைச்சர், கணக்கர், தச்சர், தட்டார், கன்னார், தையற்காரர், நாவிதர், ஈரங்கொல்லிகள், குயவர், விளக்கிடுவார் என அவ்வரிசை நீள்கின்றது.

இவர்கள் ஊதியத்துக்கு அரசன் கொண்ட அலகு 'பங்கு' என்பதாகும். ஒரு பங்காவது ஒரு வேலி நிலத்தின் விளைவு. அஃது ஆண்டுக்கு நூற்றுக்கல நெல் என அறுதியிடப்பட்டது. தளிச்சேரிப் பெண்டுகள் ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. அவர்க்கு மட்டும் ஆண்டொன்றுக்கு 40,000 கலம் ஆதல் காண்க. ஆடல் பயிற்றிய நட்டுவர்க்கு இரண்டு பங்கு. ஏனைய பணிகட்கு அவற்றின் அருமைக்கேற்ப ஒன்றரை, ஒன்று, முக்கால், அரை எனப் பங்கு கூடியும் குறைந்தும் வந்தது.

இம்முறையில் நான்கு நுட்பங்கள் உள.

முதலாவது, அளவு உறுதி. நூறு கலம் என்பது கல்லில் வெட்டப்பட்டது. பொறுப்பில் உள்ளார் மாறினும், மனம் மாறினும், அது மாறாது. நாளை உணவுக்கு என்செய்வோம் என ஏங்குவான் கையில் தாளமும் தடுமாறும், கணக்கும் தடுமாறும். அவ்வேக்கம் ஒழிந்தவிடத்தே பணியில் மனம் ஒன்றும்.

இரண்டாவது, அளவை ஒன்று. இந்நெல் இராசகேசரியோடு ஒத்த 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளக்கப்படல் வேண்டும் என்பது ஆணை. ஆடவல்லான் என்பது கூத்தப்பெருமான் திருநாமம். கூலி அளக்கும் மரக்காலுக்கு இறைவன் பெயரை இட்ட பின்னர் அதனைத் தலைதட்டிக் குறைக்கக் கை கூசுமன்றோ! வீழிமிழலையில் காசுக்கு வாசி தீர்ந்தது போல, தஞ்சையில் நெல்லுக்கு வாசி தீர்ந்தது.

மூன்றாவது, ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் உண்டு. கற்பிப்பான் கற்றானினும் மிகுதி பெற்றான். திறம் வளர்த்தால் பயன் வளரும் என்பதை ஒவ்வொருவனும் கண்முன் கண்டான்.

நான்காவது, காணியின் வழிமுறை. பங்கு பெற்றார் ஒருவர் இறந்துபடினும் வேறு நாடு செல்லினும், அவர்க்கு அடுத்த முறையில் உரியவர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்க. அவர் அப்பணிக்குத் தகுதியுடையர் அல்லராயின் தகுதியுடைய ஒருவரை இட்டுச் செய்விக்க. உரிய சுற்றமே இல்லையாயின் அத்தொழிலைச் செய்யும் ஏனையோரே தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்து இடுக. இடப்பட்டவர் அப்பங்கைப் பெறுக என்பது சாசனத்தின் கருத்து. இதனை மேலோட்டமாக நோக்குவார் பரம்பரை உரிமை என்று கூறி விடுவர். ஊன்றி நோக்கின், உரிமை தகுதிக்குக் கட்டுப்பட்டது என்பது புலனாகும். தன் மகன் பயன்பெற வேண்டுமாயின் தானே அவனுக்கு இளமை தொட்டுத் தொழிலைப் பயிற்றல் வேண்டும் என்னும் ஊக்கம் தந்தைக்கு உண்டாகும். மகன் கல்லாதொழியின் இடையில் ஆள் இட்டுச் செலவழிக்க நேரும். மேலும், உரியார் இல்லாத இடத்துத் தேர்வுரிமை உடன்பணியாளரிடம் விடப்பட்டது. மத்தளத்தின் குற்றங் குணங்களை மத்தளம் வாசிப்பானே அறிவான் என்பதை மன்னன் அறிந்திருந்தான்.

நாளும் பாடுவார்க்கு நாளும் நெல்

திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார்க்கு அரசன் வேறொரு முறையை வகுத்தான். பாடும் பிடாரர் 48 பேர், உடுக்கை வாசிப்பான் ஒருவன், கொட்டி மத்தளம் வாசிப்பான் ஒருவன், ஆக 50 பேர். இவர்க்கு ஆளொன்றுக்கு நாடோறும் நெல் முக்குறுணி உள்ளூர்ப் பண்டாரத்தினின்றும் அளக்கப்பட்டது. பன்னிரு குறுணி கொண்டது ஒரு கலம் ஆதலின், நாளொன்றுக்கு ஐம்பதின்மர்க்கும் பன்னிரண்டரைக் கலம் ஆகும். ஒருவர்க்கு 360 நாளைக்குக் கணக்கிடின் 90 கலம்.

ஆண்டுக்கு நூறு கலம் என்னாது நாளுக்கு முக்குறுணி என்றது எற்றுக்கு? சாசனம் காரணம் கூறவில்லை. யாம் கருதுவது இது: திருப்பதிகம் ஒருநாளும் இடையறாது நிகழவேண்டிய வழிபாடு. இன்று பாடினார்க்கு இன்றைய நெல் என அமைந்துவிடின், பணியும் பயனும் ஒன்றையொன்று நாடோறும் நினைவூட்டி நிற்கும். இவர்களுள் ஒருவர் இறப்பினும் பிரியினும் இடத்தை நிரப்பும் முறை தளிச்சேரிச் சாசனத்தை ஒத்ததே.

திருப்பண்டாரங் காப்பார்க்கோ முறை பின்னும் வேறு. நிலமோ, சுற்றமோ, பொருளோ உடைய அந்தணரையே அப்பணிக்கு அனுப்புமாறு பிரமதேயச் சபைகட்கு ஆணை சென்றது. பொன்னும் மணியும் கையாள்வானுக்குக் கூலியை மட்டும் உயர்த்துதல் போதாது. தவறிழைப்பின் இழக்கத்தக்கது ஒன்று அவன்பால் இருத்தல் வேண்டும். இக்காலத்துக் கருவூல அலுவலரிடம் பிணைத்தொகை பெறுதலும் இக்கருத்துப் பற்றியதே.

சாவா மூவாப் பேராடு

இவை யாவற்றினும் வியக்கத்தக்கது விளக்கெரிக்கும் ஏற்பாடு. ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விடப்படும். அன்றி 48 பசுக்களோ 16 எருமைகளோ விடப்படும். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையன் நாடோறும் ஆடவல்லான் அளவையால் உழக்கு நெய் கோயிலுக்கு அளத்தல் வேண்டும். இவ்வாறு விடப்பட்ட ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுக்கள் பல கூறும். ஆடு சாவாதோ, மூவாதோ எனின், சாவும், மூக்கும். ஆயினும் குட்டிகள் தோன்றி அவ்விடத்தை நிரப்புதலின் எண்ணிக்கை குறையாது என்பதே பொருள்.

ஈண்டு இடையனுக்குக் கூலி என ஒன்று பேசப்படவில்லை. உழக்கு நெய்யை அளந்த பின்னர் எஞ்சிய பாலும் பெருகிய குட்டிகளும் அவன் ஊதியம் ஆயின. மந்தையைப் பேணிப் பெருக்கினால் ஆக்கம் அவனுக்கு. புறக்கணித்து அழியவிட்டாலும் உழக்கு நெய் அளந்தே தீரல் வேண்டும் ஆதலின் கேடும் அவனுக்கே. நள்ளிரவில் காட்டில் திரியும் இடையனைப் பின்சென்று கண்காணிக்கக் கோயிலால் இயலாது. கண்காணிக்க இயலாத தொழிலில் அத்தொழிலின் மிச்சத்தையே ஊதியமாக்கிவிடின், கண்காணியே வேண்டாவன்றோ! அதே வேளையில், நட்டுவர்க்கும் ஓதுவார்க்கும் இம்முறையை அரசன் வகுத்திலன் என்பதையும் குறிக்கொள்க. ஆட்டுக்குக் குட்டி உண்டு. பதிகத்துக்கு மிச்சம் யாது? தொழிலின் இயல்பறிந்து ஊதியத்தின் இயல்பை அமைத்தான் என்பதே அறியத்தக்கது.

எண்ணாயிரத்து ஆசிரியர்

தந்தையின் வழி நின்ற முதலாம் இராசேந்திரன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் ஒரு பெருங்கல்லூரி நடைபெற்றது. இளமாணாக்கர் 270 பேர், முதுமாணாக்கர் 70 பேர். இளையார்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மூத்தார்க்குக் குறுணி இருநாழி, அஃதாவது பத்து நாழி. கற்று மேற்சென்றார்க்கு உணவும் மேற்சென்றது.

ஆசிரியர்க்கு வகுத்த முறையே ஈண்டுச் சிறப்பாக ஆராயத்தக்கது. வியாகரணம் உரைப்பார்க்கும் பிரபாகர மீமாம்சை உரைப்பார்க்கும் நாள்தோறும் ஒரு கலம் நெல் கொடுக்கப்பட்டது. அதன்மேல், உரைத்த ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு கழஞ்சு பொன் என, முன்னவர்க்கு எட்டு அத்தியாயத்துக்கு எட்டுக் கழஞ்சும் பின்னவர்க்குப் பன்னிரண்டு அத்தியாயத்துக்குப் பன்னிரண்டு கழஞ்சும் வைக்கப்பட்டன. வேதம் ஓதுவிப்பார்க்கும் முதுமாணாக்கர்க்கும் ஆளுக்கு அரைக்கழஞ்சு. நெல் வாழ்வுக்கு, பொன் முடித்த வேலைக்கு. நூலைத் தொடங்கி நடுவில் நிறுத்திவிடின் நெல் வரும், பொன் வாராது.

ஆனால் வேதாந்தம் உரைத்த ஆசிரியர்க்கு அத்தியாயக் கணக்கிற் பொன் இல்லை. அவர்க்கு நாள்நெல் மட்டும் ஏனையோரினும் மிகுதியாக அளக்கப்பட்டது. மெய்யுணர்வை அத்தியாயத்துக்கு இத்துணைக் கழஞ்சு என நிறுத்துக் கொடுத்தல் தகாது என்று கருதினர் போலும். ஊதியத்தால் தூண்டத்தக்க பணியும் உளது. தூண்டினால் இழிவுறும் பணியும் உளது. பிந்தியதற்கு உரிய சிறப்பு, குறைவற வாழவைத்து, அளவு கேளாது விடுதலேயாம்.

ஸ்காட்லாந்து நாட்டுப் பொருளியல் முதல்வராகிய ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் இதே பொருளை ஆராய்ந்தார். கற்பிப்பினும் கற்பியாவிடினும் ஒரே ஊதியம் வருதலின், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பலர் கற்பிப்பதாகக் காட்டிக்கொள்ளுதலையும் கைவிட்டனர் என அவர் குறைகூறினார். அந்நோய்க்கு எழுநூறு ஆண்டுகட்கு முன்னரே எண்ணாயிரத்துச் சபையார் மருந்து கண்டிருந்தனர் என்பதில் நாம் மகிழலாம்.

மருத்துவமனையில்

வீரராசேந்திரன் (1063 - 1070) காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, அக்கோயிலைச் சார்ந்திருந்த வீரசோழன் என்னும் ஆதுலர்சாலையைக் குறிக்கின்றது. படுக்கை பதினைந்து. மருத்துவர்க்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் எட்டுக் காசும். சல்லியக் கிரியை செய்வார்க்கு 30 கலம். மருந்தும் விறகும் கொணர்வார் இருவர்க்கு 60 கலமும் இரண்டு காசும். மருந்தடும் பெண்டுகள் இருவர்க்கு 30 கலமும் ஒரு காசும். நாவிதர்க்கு 15 கலம். தஞ்சையில் திருப்பதிகம் பாடினார்க்கு 360 நாளைக்கு வந்த 90 கலமும், இம்மருத்துவர் பெற்ற 90 கலமும் எண்ணளவில் ஒத்திருத்தல் காண்க. மரக்கால் ஊர்தோறும் வேறுபட்டதாகலின் இரண்டையும் முற்றும் சமம் என முடிவு கட்டலாகாது. எனினும், உடற்பிணி தீர்ப்பானையும் உயிர்ப்பிணி தீர்க்கும் பதிகம் பாடுவானையும் அக்காலத்தார் ஏறத்தாழ ஒரு நிலையில் வைத்து ஓம்பினர் எனக் கொள்ளுதல் இழுக்காகாது.

மேனாட்டு முறைகளும் பிட்டுக்கு மண் சுமந்த வரலாறும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டில் இவ்வினா புதிதாகக் கிளம்பிற்று. டெய்லர் என்னும் பொறியியலார் 1911இல் வெளியிட்ட நூலில், பெத்லகேம் எஃகு ஆலையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புப் பாளம் சுமந்த தொழிலாளியை 47 டன்னுக்கு மேற் சுமக்கச் செய்த முறையை விளக்கினார். அத்தொழிலாளியின் கூலியோ 1.15 டாலரினின்றும் 1.85 டாலராயிற்று. சுமை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. கூலி இரு மடங்கும் ஆகவில்லை. 1914 சனவரியில் ஹென்றி ஃபோர்டு தம் ஊர்தி ஆலையில் நாட்கூலியை ஐந்து டாலராக உயர்த்தி, வேலை நேரத்தை ஒன்பது மணியினின்றும் எட்டாகக் குறைத்தார். அதற்கு முன்னர் ஆட்கள் நில்லாது ஓடிக்கொண்டே இருந்தனர்; கூலி உயர்ந்த பின்னர் நிலைத்து நின்றனர். ஆயின் அவ்வைந்து டாலரின் ஒரு பகுதி, தொழிலாளி தன் இல்லத்தில் ஒழுக்கமாக வாழ்கின்றானா என ஆலையின் ஆட்கள் சென்று ஆராய்ந்த பின்னரே வழங்கப்பட்டது. நிறைந்த கூலி நிலைத்த ஆளைத் தரும் என்பது அவர் கண்ட உண்மை. அவ்வுண்மையைத் தஞ்சைக் கல்வெட்டு முன்னரே கண்டது.

கூலியால் ஆகாததைக் கோலால் ஆக்கலாம் என்பாரும் உளர். அவர்க்கு மதுரைத் திருவிளையாடல் விடை கூறும். வந்தியின் பங்குக் கரையை அடைக்க உதிர்ந்த பிட்டே கூலியாக வந்த ஆள், பிட்டை உண்டான், பாடினான், ஆடினான், உறங்கினான், கரை அடைபடவில்லை. சினந்த பாண்டியன் பிரம்பால் ஓங்கி அடித்தான். அவ்வடி அடித்தவன் மேலும், அரசியர் மேலும், உலகத்து உயிர்கள் அனைத்தின் மேலும் பட்டது. கூலியாள் யார் என்று அறியாது ஓங்கும் கோல் ஓங்கியவனையே சாரும் என்பதும், கூலியாள் வடிவிலும் வருவான் அவ்வொருவனே என்பதும் அத்திருவிளையாடலின் உட்பொருள்.

இன்றைய கடமை

திருப்பணி செய்த அன்பர்காள்! கோபுரம் வண்ணம் பெற்றது. கலசம் பொன் பெற்றது. உங்கள் கொடையாலன்றோ இஃது ஆயிற்று. இனி ஒன்று எண்ணுக. கோயில்கள் பலவற்றில் பணியாளர்க்கு நிலையான ஊதியம் சிறிது. தட்டில் விழும் காசே வாழ்வு. தட்டையே நம்பி வாழ்வான் கண்கள், அவன் விரும்பாவிடினும், காசிடும் கையை நாடும். காசிலா ஏழை சந்நிதியில் நெடுநேரம் நிற்பான். இஃது அப்பணியாளன் குற்றம் அன்று. அவனுக்கு ஊதியம் வகுத்த முறையின் குற்றம். ஆடவல்லான் மரக்காலால் நூறு கலம் உறுதியாகப் பெற்றவன் எல்லார்க்கும் ஒரே முகம் காட்டினான் எனின், அவனை அவ்வாறு காட்டச் செய்தது அம்மரக்கால்.

குழல்விளக்கு ஒன்று வழங்கி, வெளிச்சம் மறையும்படி அதன்மேற் பெயர் எழுதுவிக்கும் வழக்கம் நம்மிடை உண்டு. அதனிற் பிழையில்லை, இராசராசனும் தான் கொடுத்தனவும், தமக்கையார் கொடுத்தனவும், தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் கல்லில் வெட்டுக என்றே பணித்தான். ஆயின் அக்கல்லில் கொடுத்தார் பெயரோடு பணி செய்தார் பெயரும் ஏறியது. நாவிதன் பெயரும் ஈரங்கொல்லியின் பெயரும் ஆயிரம் ஆண்டாக அங்கு நிற்கின்றன. நாமும் ஓதுவார் ஒருவர்க்கு, நாகசுரக்காரர் ஒருவர்க்கு, திருமடைப்பள்ளியாளர் ஒருவர்க்கு, திருவலகிடும் அம்மையார் ஒருவர்க்கு என நிலைநிதி வைத்து, அதன் வட்டியினின்றும் மாதந்தோறும் குறித்த நாளிற் குறைவின்றி ஊதியம் செல்லச் செய்தல் கூடும். அவர்தம் பிள்ளைகள் அத்தொழிலைக் கற்கவும், கற்றவர் மிகுதி பெறவும் வழி செய்தல் கூடும். பன்னிரண்டு ஆண்டு கழித்து அடுத்த குடமுழுக்கு வருங்கால் வண்ணம் மீண்டும் மங்கியிருக்கும்; இவ்வறக்கட்டளை மட்டும் மங்காது நிற்கும்.

உழவாரம் ஏந்திய அரசர்க்கு வாசியில்லாக் காசு அளித்த பெருமான், தன் பணியாளர் யாவர்க்கும் அத்தகைய காசு சேரும்படி நம் உள்ளத்தைத் திருப்பியருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.